ஜே. பி. எஸ். ஹால்டேன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் (நவம்பர் 5, 1892 – டிசம்பர் 1, 1964) இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, புவனேசுவரத்தில் மறைந்த மரபியல் அறிஞர் ஆவார். ரொனால்டு பிஷர், சூவல் ரைட் ஆகியோருடன் சேர்த்து மக்கள்தொகை மரபியலை நிறுவிய மூவருள் ஒருவராக இவர் மதிக்கப்படுகிறார். மனிதரின் நிறப்புரி (குரோமோசோம்) ஒன்றில் இரண்டு மரபணுக்கள் பிணைந்திருப்பதை முதன்முதலாக நிறுவியவர்களில் ஒருவர். மனித மரபணு ஒன்றில் சடுதிமாற்றம் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதை முதலில் கணித்தவரும் இவரே. பரம்பரை நோய்களில் எவை பெற்றோரிடமிருந்து வருகின்றன, எவை புதிதாகத் தோன்றுகின்றன என்பதைக் கணக்கின் துணையுடன் பிரித்துக் காட்டியது இவருடைய பணிகளுள் முதன்மையானது. உயிரியலில் இவர் எந்தப் பட்டமும் பெற்றதில்லை.

இளமையும் கல்வியும்

ஹால்டேன் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர். சுரங்கங்களின் நச்சுக்காற்றையும் கடலடியில் மூழ்குவோரின் மூச்சையும் ஆராய்ந்தவர். தாய் லூயிசா கேத்லீன் டிராட்டர். தங்கை நவோமி மிட்சிசன் பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்றார். சிறுவயதிலேயே தந்தையின் ஆய்வுகளுக்கு ஹால்டேன் துணைபுரிந்தார். சோதனையை முதலில் தன் உடலிலேயே செய்து பார்க்க வேண்டும் என்ற பழக்கம் தந்தையிடமிருந்து வந்தது.

1901ஆம் ஆண்டில் மெண்டலின் கண்டுபிடிப்புகளைப் பற்றிய சொற்பொழிவு ஒன்றுக்குத் தந்தை இவரை அழைத்துச் சென்றார். மெண்டலின் விதிகள் மீண்டும் கண்டறியப்பட்டு அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. பின்னர் தங்கையுடன் சேர்ந்து வீட்டிலேயே சீமைப்பெருச்சாளிகளையும் எலிகளையும் வளர்த்து, அவற்றின் நிறம் தலைமுறைதோறும் எவ்வாறு இறங்குகிறது என்று குறித்துவந்தார். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு நியூ கல்லூரியிலும் பயின்ற இவர், கணிதத்திலும் செவ்வியல் இலக்கியம், மெய்யியல் ஆகியவற்றிலும் தேறி 1914இல் படிப்பை முடித்தார்.

முதல் உலகப் போர்

1914இல் போர் தொடங்கியதும் பிளாக் வாட்ச் படைப்பிரிவில் சேர்ந்தார். பிரான்சிலும் மெசொப்பொத்தேமியாவிலும் போரிட்டுக் காயமுற்றார். எலிகளில் மரபணுப் பிணைப்பைக் காட்டும் இவருடைய முதல் மரபியல் கட்டுரை 1915இல், இவர் படையில் இருக்கும்போதே வெளிவந்தது. தங்கை நவோமியும் ஏ. டி. ஸ்பிரண்ட் என்ற நண்பரும் இணையாசிரியர்கள். ஸ்பிரண்ட் அதே போரில் உயிரிழந்தார்.

மெசொப்பொத்தேமியாவில் காயமுற்ற பின் உடல் தேறுவதற்காக ஹால்டேன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்தியாவுடன் இவருக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு இதுவே. ஆள்வோராகவும் ஆளப்படுவோராகவும் பிரிந்து நின்ற அன்றைய சூழல் இவருக்கு உவப்பாக இல்லை. இந்தியர்களுடன் சமமாகப் பழகக்கூடிய காலத்தில் மீண்டும் வரவேண்டும் என்று எண்ணிச் சென்றார். அந்த எண்ணம் நிறைவேற நாற்பது ஆண்டுகள் ஆயின.

கேம்பிரிட்ஜ் காலம்

போருக்குப் பின் ஆக்ஸ்போர்டில் ஆய்வுநராக இருந்தார். 1923 முதல் 1932 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கௌலண்ட் ஹாப்கின்சின் கீழ் உயிர்வேதியியல் கற்பித்தார். நிறப்புரியில் மரபணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவை அளக்கும் அலகுக்கு 1919இல் சென்டிமார்கன் என்று பெயரிட்டவர் இவரே. கலப்பின உயிர்களில் எந்தப் பாலினம் மலடாகும் என்பதைக் கூறும் ஹால்டேன் விதி 1922இல் வெளிவந்தது. இயற்கைத் தேர்வைக் கணித வடிவில் விளக்கும் தொடர் கட்டுரைகளை 1924இல் தொடங்கினார். அவற்றின் சாரம் 1932இல் பரிணாமத்தின் காரணங்கள் என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயிற்று. உயிரின் தோற்றம் பற்றிய 1929ஆம் ஆண்டுக் கட்டுரையும் புகழ்பெற்றது.

தன்மீதே சோதனை செய்யும் வழக்கத்தை இங்கும் தொடர்ந்தார். குருதியின் அமிலத்தன்மை மூச்சை எவ்வாறு மாற்றுகிறது என்று அறிய அமோனியம் குளோரைடு கரைசலைக் குடித்துப் பார்த்தார். 1926இல் சார்லட் பிராங்கன் என்ற இதழாளரை மணந்தார்.

மனித நிறப்புரி ஆய்வுகள்

1933இல் ஹால்டேன் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மரபியல் பேராசிரியரானார். மனித மரபியலில் இவருடைய சிறந்த ஆய்வுகள் இங்கு நிகழ்ந்தன.

மனித உயிரணுவில் 23 இணைகளாக 46 நிறப்புரிகள் உள்ளன. ஆனால் 1956இல் ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் ஆகிய இருவரும் இதைச் சரியாக எண்ணிக் காட்டும் வரை, எண்ணிக்கை 48 என்றே அறிவியலாளர் நம்பினர். ஹால்டேன் ஆய்வு செய்த காலத்தில் மனித நிறப்புரிகளைத் தெளிவாகப் பார்க்கவும் வழியில்லை. குடும்ப வரலாறுகளும் கணிதமுமே இவருக்குக் கருவிகளாக இருந்தன.

குருதி உறையாமை நோயில் (ஹீமோஃபிலியா) சிறு காயத்திலும் குருதி நிற்காமல் ஒழுகும். இதற்குரிய மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்றே. பெண்ணிடம் ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்யும். ஆணிடம் ஈடுசெய்ய வேறொன்று இல்லை. ஆகவே நோய் ஆண்பிள்ளைகளிடம் வெளிப்படுகிறது. பெண்கள் அதைக் கடத்துகின்றனர்.

அக்காலத்தில் இந்நோயுள்ள ஆண்களில் பெரும்பாலோர் தந்தையாகும் முன்பே இறந்தனர். மக்கள்தொகையில் உள்ள எக்ஸ் நிறப்புரிகளில் மூன்றில் ஒரு பங்கு ஆண்களிடம் இருப்பதால், ஒவ்வொரு தலைமுறையிலும் பழுதான மரபணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்துபோக வேண்டும். அப்படியானால் சில தலைமுறைகளிலேயே நோய் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. எனவே அழியும் அளவுக்குப் புதிய சடுதிமாற்றங்கள் தோன்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஹால்டேன் முடிவு செய்தார். 1935இல் வெளியான கட்டுரையில், ஒரு தலைமுறையில் சுமார் 50,000 எக்ஸ் நிறப்புரிகளுக்கு ஒன்று என்ற வீதத்தில் இம்மாற்றம் நிகழ்வதாகக் கணித்தார். பின்னாளைய அளவீடுகள் இம்மதிப்பிலிருந்து பெரிதும் விலகவில்லை.

நோயுற்ற குழந்தையின் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் அந்நோய் இல்லாமல் இருக்கலாம் என்பதை இக்கணக்கு விளக்கியது. 1947இல் மேலும் ஒரு படி சென்று, இந்தச் சடுதிமாற்றம் பெண்களைவிட ஆண்களிடமே மிகுதியாக நிகழ்கிறது என்று காட்டினார். பாட்டனின் விந்தணுவில் தோன்றிய மாற்றம் மகளிடம் மறைந்திருந்து பேரனிடம் வெளிப்படக்கூடும். பிரித்தானிய அரசி விக்டோரியாவின் வழித்தோன்றல்களிடம் பரவிய குருதி உறையாமை, அவருடைய தந்தையான கென்ட் கோமகனிடம் தோன்றிய மாற்றமாக இருக்கலாம் என்றும் இவர் கருதினார். பழி முழுவதும் தாய்வழியின் மீதே விழுந்துவந்த நோய் ஒன்றுக்கு இது புதிய விளக்கமாக அமைந்தது.

1937இல் ஜூலியா பெல் என்ற மருத்துவருடன் சேர்ந்து, குருதி உறையாமையும் நிறக்குருடும் ஒருங்கே காணப்படும் குடும்பங்களை ஹால்டேன் ஆராய்ந்தார். இரண்டு பண்புகளும் பிரியாமல் சேர்ந்தே இறங்குவதால், அவற்றின் மரபணுக்கள் எக்ஸ் நிறப்புரியில் மிக அருகருகே இருக்க வேண்டும் என்று நிறுவினார். மனிதரில் மரபணுப் பிணைப்பு காட்டப்பட்டது இதுவே முதன்முறை. ஒரு பண்பைக் கொண்டு மற்றொன்றை முன்கூட்டி அறியலாம் என்ற கருத்தும் இதிலிருந்து பிறந்தது. இன்றைய மரபணு வரைபடங்களில் இவ்விரு மரபணுக்களும் எக்ஸ் நிறப்புரியின் நீண்ட கையின் நுனிப்பகுதியில் இடம்பெற்றுள்ளன.

இவருடைய எல்லாக் கணிப்புகளும் நிலைக்கவில்லை. எக்ஸ், ஒய் ஆகிய இரண்டு நிறப்புரிகளுக்கும் பொதுவான பகுதியில் சில நோய்களின் மரபணுக்கள் இருப்பதாக 1936இல் இவர் வரைந்த வரைபடம் பின்னர் தவறு என்று தெரியவந்தது.

நிறப்புரி எண்ணிக்கைக் கோளாறுகள்

ஒரு மரபணுவில் ஏற்படும் பழுதும், நிறப்புரி முழுவதும் கூடிவிடுவதும் குறைந்துவிடுவதும் வேறுவேறானவை. ஹால்டேன் ஆராய்ந்தது பெரும்பாலும் முதல் வகையை. இரண்டாம் வகை இவருடைய இறுதிக் காலத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

டவுன் நோய்க்குறித்தொகுப்புள்ள குழந்தைகள் பிறப்பதில் தந்தையின் வயதைவிடத் தாயின் வயதே முக்கியமானது என்று லயனல் பென்ரோஸ் 1933இல் காட்டினார். பென்ரோஸ் 1945 முதல் ஹால்டேன் பணியாற்றிய கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்தார். இக்குழந்தைகளிடம் 21ஆம் நிறப்புரி இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதை 1959இல் பிரான்சின் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமண்ட் தூர்பென் ஆகியோர் வெளியிட்டனர். அதே ஆண்டில் டர்னர் நோய்க்குறித்தொகுப்புள்ள பெண்களிடம் எக்ஸ் ஒன்றே இருப்பதும், கிளைன்ஃபெல்டர் நோய்க்குறித்தொகுப்புள்ள ஆண்களிடம் எக்ஸ் ஒன்று மிகுதியாக இருப்பதும் கண்டறியப்பட்டன.

டர்னர் பெண்களைப் பற்றிய ஐயம் முன்பே எழுந்திருந்தது. அவர்களிடம் நிறக்குருடு ஆண்களுக்கு இணையான அளவில் காணப்படுவதை 1956இல் பால் பொலானியின் குழுவினர் குறிப்பிட்டனர். எக்ஸ் ஒன்றே இருந்தால்தான் இது கூடும். பண்பின் பரவலிலிருந்து நிறப்புரியை ஊகிக்கும் இம்முறை ஹால்டேன் கையாண்ட முறையை ஒத்தது.

மலேரியாவும் குருதிக் குறைபாடுகளும்

நடுநிலக்கடல் நாடுகளில் தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிச்சோகை மிகுதியாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு 1948–49இல் ஹால்டேன் ஒரு விடை கூறினார். பழுதான மரபணு இரண்டைப் பெற்ற குழந்தை நோயுறுகிறது. ஒன்றை மட்டும் பெற்றவர் மலேரியாவைத் தாங்கிப் பிழைக்கிறார். அதனால் அம்மரபணு அழியாமல் நிலைக்கிறது என்பதே அது. 1954இல் அந்தோனி அல்லிசன் ஆப்பிரிக்காவில் அரிவாளணு மரபணு பற்றிச் செய்த ஆய்வு இக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. தமிழ்நாட்டின் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாளணு மரபணு இருப்பது 1952இல் பதிவு செய்யப்பட்டது.

இனமேம்பாட்டுக் கொள்கைக்கு எதிர்ப்பு

குறைபாடுள்ளோரைக் கட்டாயமாக மலடாக்கினால் சமுதாயம் தூய்மையடையும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கை 1930களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செல்வாக்குப் பெற்றிருந்தது. இளமையில் அதன்பால் ஓரளவு ஈர்க்கப்பட்டிருந்த ஹால்டேன், பின்னர் அதைக் கடுமையாக எதிர்த்தார். மரபுவழியும் அரசியலும் பற்றிய இவருடைய நூல் 1938இல் வெளிவந்தது.

எதிர்ப்பின் அறிவியல் அடிப்படை எளிமையானது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் ஓர் ஒடுங்கு மரபணு நோயை எடுத்துக்கொண்டால், அம்மரபணுவை நோயின்றிச் சுமப்போர் ஏறத்தாழ ஐம்பதில் ஒருவர். நோயாளிகள் அனைவரையும் மலடாக்கினாலும், நலமாக உள்ளோரிடம் மறைந்திருக்கும் மரபணுக்களுக்கு ஒன்றும் நேராது. நோயாளியைத் தண்டிப்பதால் நோய் ஒழியாது என்பதை இது காட்டுகிறது.

அரசியல்

ஹால்டேன் மார்க்சியச் சிந்தனையில் ஈடுபாடு கொண்டவர். எசுப்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பை ஆதரித்தார். 1942இல் பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். கட்சி நாளேடான டெய்லி வொர்க்கரில் பாமரரும் படிக்கத்தக்க அறிவியல் கட்டுரைகளை எழுதினார். சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோவின் கருத்துகள் மரபியலை ஒடுக்கியபோது உடனடியாகவும் வெளிப்படையாகவும் கண்டிக்கத் தயங்கினார் என்பது இவர்மீது வைக்கப்படும் குறையாகும். 1950 அளவில் கட்சியிலிருந்து விலகினார்.

1939இல் தீட்டிஸ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியதை அடுத்து, கடலடியிலிருந்து தப்புவது குறித்த சோதனைகளில் அழுத்தக் கலங்களுக்குள் தாமே நுழைந்தார். இவற்றில் முதுகெலும்பில் ஏற்பட்ட காயம் வாழ்நாள் முழுவதும் வலித்தது. 1945இல் முதல் மணம் முறிந்தபின், உயிரியலாளர் ஹெலன் ஸ்பர்வேயை மணந்தார்.

இந்தியாவில்

1957இல் ஹால்டேன், ஸ்பர்வே இணையர் இந்தியாவில் குடியேறினர். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் நிறுவிய கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஹால்டேன் பணியேற்றார். 1956இல் சூயஸ் கால்வாய்ச் சிக்கலில் பிரித்தானியா நடந்துகொண்ட முறையை நாட்டைவிட்டு வெளியேறியதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறினார். கதராடை அணிந்தார், புலால் உணவைக் கைவிட்டார், 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1946 முதல் தாம் ஆசிரியராக இருந்த மரபியல் ஆய்விதழையும் உடன் கொண்டுவந்தார். 1985 முதல் அவ்விதழைப் பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமி வெளியிட்டு வருகிறது.

விலையுயர்ந்த கருவிகள் இல்லாத நாட்டில் கண்ணும் எண்ணிக்கையும் கொண்டே சிறந்த உயிரியல் ஆய்வு செய்யலாம் என்று மாணவருக்குக் கற்பித்தார். டி. ஏ. டேவிஸ் தென்னையின் ஓலைகள் இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் அமைவதை ஆராய்ந்தார். சுரேஷ் ஜெயகர் இவருடன் கணித மரபியல் கட்டுரைகள் எழுதினார். கிருஷ்ணா துரோணம்ராஜு, காதுமடலில் முடி அடர்ந்து வளரும் பண்பு ஒய் நிறப்புரி வழியாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குகிறதா என்று ஆந்திரத்தில் ஆராய்ந்தார். அப்பண்புக்கும் ஒய் நிறப்புரிக்கும் தொடர்பில்லை என்பது 2004இல் வெளியான மூலக்கூறு ஆய்வில் தெரிந்தது. 

புள்ளியியல் நிறுவன நிர்வாகத்துடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1961இல் அங்கிருந்து விலகினார். 1962இல் ஒடிசா அரசின் ஆதரவில் புவனேசுவரத்தில் மரபியல், உயிரியளவியல் ஆய்வகத்தை அமைத்தார்.

உறவுத் திருமணம் பற்றிய ஆய்வு

நெருங்கிய உறவினர் மணந்தால் மரபுநோய்கள் எந்த அளவுக்குக் கூடும் என்பதை ஹால்டேன், பேர்ல் மொஷின்ஸ்கி என்பவருடன் சேர்ந்து 1939இலேயே கணித முறையில் ஆராய்ந்திருந்தார். ஐரோப்பாவில் இத்தகைய மணங்கள் குறைவு. தென்னிந்தியாவிலோ மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் ஆகியோரை மணப்பது நெடுங்கால வழக்கம். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் வழக்காறு இருக்கும் இடங்களில் இம்மணங்களுக்கு இடமளிக்கிறது. ஹால்டேன் தூண்டியதன் பேரில் 1960களின் தொடக்கத்தில் துரோணம்ராஜு, மீரா கான் ஆகியோர் ஆந்திரத்தில் உறவுத் திருமணங்களைக் கணக்கெடுத்தனர்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் உள்ளிட்ட பழைய தென்னார்க்காட்டிலும், தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் இவ்வழக்கம் உண்டு. ஆகவே இக்கணக்கு தமிழ் வாசகருக்கு நேரடியாகப் பொருந்தும். பெற்றோர் இருவருக்கும் பொதுவான முன்னோர் ஒருவரின் ஒரே மரபணு, தந்தை வழியாகவும் தாய் வழியாகவும் குழந்தைக்கு வந்துசேரும் வாய்ப்பு, மாமன்–அத்தை மக்களிடையே நடக்கும் மணத்தில் 1/16. அக்காள் மகளை மணந்தால் 1/8. உறவில்லாதோரின் பிள்ளைகளில் பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒடுங்கு மரபணு நோய், முதல் வகை மணத்தில் பத்தாயிரத்தில் சுமார் 7 பேருக்கும், இரண்டாம் வகையில் சுமார் 13 பேருக்கும் வரக்கூடும். நோய் அரிதாக இருக்க இருக்க, இந்த வேறுபாடு பெருகும்.

எக்ஸ் நிறப்புரியில் நிலைமை வேறு. ஆண்மகன் தன் எக்ஸ் நிறப்புரியைத் தாயிடமிருந்தே பெறுகிறான். மாமன் மகளை மணந்தவனுக்கும் அவன் மனைவிக்கும் ஒரே பாட்டியின் எக்ஸ் வந்திருக்கலாம். அவர்களின் மகளிடம் அது இரட்டையாகச் சேரும் வாய்ப்பு 1/8. அத்தை மகளை மணந்தவனிடம் தந்தைவழி எக்ஸ் இல்லாததால், அவ்வுறவின் வழியே அவ்வாய்ப்பு இல்லை. ஊர் வழக்கில் ஒரே தன்மையதாகக் கருதப்படும் இரண்டு முறைகள் நிறப்புரியின் கணக்கில் வேறுபடுகின்றன.

கள ஆய்வுகள் தந்த விடைகள் சிக்கலானவை. 1970களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பி. எஸ். எஸ். ராவ், எஸ். ஜி. இன்பராஜ் ஆகியோர், தென்னார்க்காட்டை அடுத்த வட ஆர்க்காட்டுப் பகுதியில் கருச்சிதைவு, குழந்தை இறப்பு போன்றவற்றை ஆராய்ந்தபோது, உறவுமணத் தம்பதியருக்கும் பிறருக்கும் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. பல தலைமுறை உறவுமணத்தால் கேடான மரபணுக்கள் சில முன்பே குறைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனினும் தனித்தனி ஒடுங்கு மரபணு நோய்கள் உறவுமணக் குடும்பங்களில் மிகுதியாகக் காணப்படுவதை வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன.

டவுன் நோய்க்குறித்தொகுப்பு பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது நிறப்புரிகள் சரிவரப் பிரியாததால் நேர்கிறது. உறவில் மணம் செய்ததால் வந்ததாக இதைக் கருதுவது பொருந்தாது. ஒடுங்கு மரபணு நோயிலோ தாயும் தந்தையும் தலைக்கு ஒரு மரபணுவைச் சமமாகவே தருகின்றனர். இரண்டு வகையிலும் பெற்றோரில் ஒருவரை மட்டும் பழிப்பதற்கு அறிவியலில் இடமில்லை. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உறவுக்குள்ளேயே நடந்தவை. ஆகையால் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது இன்றும் தேவையாகிறது.

இறுதிக் காலம்

1963இன் இறுதியில் ஹால்டேனுக்கு மலக்குடல் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. லண்டனில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். மருத்துவமனையில் இருந்தபடியே புற்றுநோயைப் பற்றி நகைச்சுவைக் கவிதை ஒன்றை எழுதி வெளியிட்டார். அறிகுறி கண்டவுடன் மருத்துவரை நாட வேண்டும் என்பது அதன் கருத்து. பிரித்தானியத் தொலைக்காட்சிக்காகத் தமக்குரிய இரங்கலுரையையும் தாமே பேசிப் பதிவு செய்தார். 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் காலமானார். இவர் விருப்பப்படி இவருடைய உடல் ஆந்திரத்தின் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்களின் படிப்புக்காக அளிக்கப்பட்டது.

சிறப்புகள்

1932 – லண்டன் அரச கழக உறுப்பினர்
1952 – டார்வின் பதக்கம்
1956 – ஹக்ஸ்லி நினைவுப் பதக்கம்
1958 – டார்வின்–வாலஸ் பதக்கம்
1961 – இத்தாலியின் ஃபெல்ட்ரினெல்லி பரிசு